ஜிப் உறைக்குள் இருந்த மாத்திரை

சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நம் சபையில் மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். பதினோரு வருடமாக என்னை வாட்டிய கால்வலியை ஒரே உபவாச ஜெபத்தில் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அது பொய். அன்று காலையில் நான் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதுவும் ஒன்றல்ல.

இது இரண்டாவது சாட்சி. நான் சொல்லச் சொல்ல என் மகள் ஜெனி எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள்தான் நான். ஆனால் பேனாவைப் பிடித்தால் இன்னும் கை நடுங்குகிறது. நடுவில் சில வார்த்தைகள் மறந்து போகின்றன. நேற்று "வாளி" என்ற வார்த்தை வராமல் "தண்ணி மொள்ளுற அது" என்றேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

என் பெயர் சாந்தி. மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். வீட்டுக்காரர் சென்னையில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். பாத்தியில் ஆண்கள் உப்பை வாரிக் குவிப்பார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு மேல் நடந்து, மேட்டில் கொட்ட வேண்டும். விடிவதற்கு முன்னால் தொடங்கினால் வெயில் ஏறும்வரை நடைதான். உப்புத் தண்ணீர் குதிகால் வெடிப்பில் இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும். முட்டியும் இடுப்பும் தனி. இதைச் செய்யாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது, செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என் கூட வேலை செய்கிறவள் முனியம்மா. அவள் நம் சபை இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஒருநாள் நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையைக் கையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? டீயோட ஒண்ணு போட்டுக்கோ. உப்பளத்துல யாரு போடாம இருக்கா?"

போட்டேன். அரை மணி நேரத்தில் கால் என்னுடையது இல்லை என்பது போல ஆகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை, கவலையும் போய்விட்டது. எனக்கு அப்போது நாற்பது வயது. அப்படி ஒரு லேசான உடம்பு கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு இருந்தது. அந்த மாத்திரை அதைத் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், பிசாசு கொம்போடு வரும் என்று காத்திருக்காதீர்கள். அது டீ கிளாஸோடு வரும்.

உப்பு ஏற்ற வருகிற லாரி ஆள் ஒருவன் அந்த மாத்திரையை அட்டை அட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அதை வைக்க ஓர் இடம் வேண்டும். முந்தானை வியர்வையில் நனையும். பையை ஜெனி துழாவுவாள். என் வேதப்புத்தகத்துக்கு ஒரு ரெக்ஸின் உறை உண்டு, ஜிப் வைத்தது. யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். மாத்திரை அட்டையைப் பின்பக்கம் செருகி, ஜிப்பை இழுத்து, உப்பளத்துக்கே கொண்டுபோனேன். "சாந்தியைப் பாருங்கள், வேலைக்குப் போகும்போதும் வேதத்தை விடுவதில்லை" என்று பாஸ்டர் ஐயா பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று நினைத்தார்கள்.

அந்த வருடம் நான் நொண்டாமல் நடப்பதைப் பார்த்து ஒரு சகோதரி, "ஜெபத்துலதானே சரியாச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்த ஞாயிறு மைக் என் கைக்கு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதற்கு நீங்கள் அல்லேலூயா சொன்னீர்கள்.

இப்போது ரோஸி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். கூனிமேட்டுப் பக்கம் ரோட்டோரத்தில் வீடு. அவரும் முன்பு உப்பு சுமந்தவர். சுகர் வந்து, காலில் ஆறாத புண். நான் சாட்சி சொன்ன அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஜெபம் பண்ணுடி சாந்தி" என்றார். தலையில் கை வைத்து ஜெபித்தேன். மாத்திரை தந்த தெம்பில் நன்றாகவே ஜெபித்தேன். அவர் வீட்டுக்குப் போய், கர்த்தர் சாந்திக்குச் செய்தால் எனக்கும் செய்வார், மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று சுகர் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார்.

எனக்கு அது தெரியும். பத்து நாள் கழித்து அவரே சந்தோஷமாகச் சொன்னார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அக்கா, அது பொய்க்கா, போய் மாத்திரையைப் போடுங்க" என்று ஒரு வரி. சொன்னால் என் மாத்திரை வெளியே வரும், அது என்னிடமிருந்து போய்விடும். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஆடி மாதத்தில் ரோஸி அக்காவின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து, "எனக்குதான்டி விசுவாசம் பத்தல" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஜிப்பைத் திறந்து, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன். அவர் காலைப் பார்த்து அழுவதற்குக் கூட எனக்கு மாத்திரை தேவைப்பட்டது. போட்ட பிறகு அழுகையும் வரவில்லை.

அதுதான் அந்த மருந்தின் குணம். முதலில் வலியை எடுக்கும். பிறகு எது கிடைக்கிறதோ அதையெல்லாம் எடுக்கும். ஜெனி பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி ஓடி வந்து போனைக் காட்டினாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "சரி, போய் அரிசிய ஊற வை" என்றேன். (இந்த இடத்தில் ஜெனி பேனாவை வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ம், சொல்லுமா" என்கிறாள்.) அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போவேன். காரணம் இல்லாமல் அவளை அடித்திருக்கிறேன். ஒருமுறை கரண்டியால்.

ஐப்பசி பிறந்து மழை வந்தது. பாத்தியெல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. வேலை இல்லை, சுமை இல்லை. காலும் அவ்வளவாக வலிக்கவில்லை. ஆனால் மாத்திரை வேண்டும். அன்றைக்குத்தான் புரிந்தது, நான் வலிக்காகப் போடவில்லை. கர்த்தர் மேல் பாரத்தைப் போட்டு, கையில் இருந்த அட்டைகளை எல்லாம் பக்கிங்காம் கால்வாயில் வீசினேன். இனி தொடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணினேன்.

மறுநாள் கொட்டாவி வந்தது, நிற்கவே இல்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, இறகு பிடுங்கிய கோழியின் தோல் போல ஆனது. வயிறு பிய்த்துக்கொண்டு போனது. படுத்தால் கால் தானாக உதைத்தது, யாரோ உள்ளேயிருந்து ஒயரைப் பிடித்து இழுப்பது போல. தலைக்குள் பளீர் பளீர் என்று ஷாக் அடித்தது. பழைய கால்வலி பத்து மடங்காகத் திரும்பி வந்தது. பிசாசு என்னைத் தாக்குகிறான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மழையில் நனைந்துகொண்டே லாரி ஆளைத் தேடி ரோட்டுக்குப் போனேன். அவன் சிரித்தான். "தெரியும்க்கா, வருவீங்கன்னு" என்றான். பொருத்தனை முறிந்துவிட்டது, இனி தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன என்று முன்பைவிட அதிகமாகப் போட ஆரம்பித்தேன்.

இப்படி பங்குனி வந்தது. ஞாயிறு கூட்டத்துக்கு வெளியூர் ஊழியக்காரர்கள் வருகிறார்கள், உன் கால்வலிச் சாட்சியை மறுபடியும் சொல்ல வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ரோஸி அக்கா முன்வரிசையில் வாக்கரோடு உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தால் மாத்திரையும் உதவவில்லை. வெள்ளிக்கிழமை, கூடையைத் தூக்குவதற்கு முன்னால், வரப்பில் நின்று ஒரு ஜெபம் பண்ணினேன். என் வாழ்க்கையில் பண்ணிய முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆண்டவரே, எனக்கு வாய் வரவில்லை. நீரே சொல்லிவிடும். என்னைக் காட்டிக்கொடும்."

அவ்வளவுதான். சுகம் கேட்கவில்லை. மூன்றாவது கூடையைத் தலையில் வாங்கியது வரைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது. மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

பாத்திக்குள் விழுந்திருக்கிறேன். கை கால் இழுத்து, வாயில் நுரை. முகம் உப்புத் தண்ணீருக்குள் இருந்ததாம். முனியம்மா தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் வலிப்பு எதற்கு, நான் சாக அந்தக் கணுக்கால் தண்ணீரே போதும். யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ நம் சபைக்குப் போன் பண்ணினார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வலிப்பு என்றதும் பிசாசு என்று முடிவு பண்ணி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஜெபவீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. போன வருடம் வேறொருத்திக்கு வலிப்பு வந்தபோது நானும்தான் அப்படிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன்.

அங்கே இரண்டாவது வலிப்பு வந்தது. எண்ணெய் பூசினார்கள், அதட்டினார்கள். ஆட்டோவில் என்னோடு வந்த என் வேதப்புத்தகத்தை ரோஸி அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அப்போது முனியம்மா வந்தாள். ஆட்டோவில் இடம் இல்லாமல் உப்பளத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். நம் வாசற்படியை அவள் அதற்கு முன்னால் மிதித்ததில்லை. ஈரப் புடவையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினாளாம்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல! அவ மாத்திரை போடுறா! கை நெறைய போடுறா! மொத மொத குடுத்ததே நான்தான், போதுமா? அந்தப் புக்கு கவர தொறந்து பாருங்க!"

ஜிப்பை இழுத்தது ரோஸி அக்காதான். அட்டைகள் அவர் மடியில் விழுந்து, எடுத்துவிட்ட காலின் பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தனவாம். பிறகு அவர்தான் முதலில் பேசியிருக்கிறார். "இன்னாத்துக்கு நிக்கிறீங்க? ஆட்டோவ திருப்பு. ஆஸ்பத்திரிக்கு. அந்த அட்டையையும் எடுத்துக்கோ, டாக்டருக்குக் காட்டணும்."

சபையாரே, என் ஜெபம் அந்த இடத்தில் கேட்கப்பட்டது. எனக்குப் பதிலாக நீரே சொல்லும் என்று கேட்டேன். நம் சபையில் அத்தனை விசுவாசிகள் இருக்க, கர்த்தர் முனியம்மாவின் வாயை எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னால் அவள், "உங்க சாமிக்கு வேற வாய் கெடைக்கல போல" என்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தேன். போதை மறக்கடிக்கும் டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் எல்லாம் குடிகார ஆண்கள். நடுவில் நான் ஒருத்திதான் பெண். டாக்டர் சின்ன வயதுப் பெண். அட்டையைப் பார்த்துவிட்டு, இது அபின் குடும்பத்து மருந்து என்றார். அளவு மீறினால் மூளையில் மின்சாரம் தாறுமாறாக ஓடி வலிப்பு வரும் என்றார்.

"நம்ம மூளையே கொஞ்சம் கொஞ்சம் வலி மருந்து செஞ்சுக்கும்மா. சந்தோஷத்துக்கும் அங்கயே சரக்கு இருக்கு. நீங்க வெளியிலருந்து கொட்டிக்கிட்டே இருந்தீங்க. சரி, நமக்கு வேலை இல்லன்னு அது நிறுத்திடுச்சு. திடீர்னு நீங்களும் நிறுத்தினா, உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. அதான் அந்த மூணு நாள் அப்படி ஆச்சு."

எனக்குப் புரிந்தது. மேஸ்திரி வெளியூர் ஆட்களை இறக்கினால் உள்ளூர் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். வெளியூர் ஆள் ஒருநாள் வராமல் போனால் பாத்தியில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். உள்ளூர் ஆட்களைத் திரும்பக் கூப்பிட நாளாகும். எனக்கு வந்தது பிசாசும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. மூளை வெறுங்கையோடு நின்றிருக்கிறது.

அதனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று அவர் வேறு மாத்திரை எழுதினார். "இத உங்க கைல தரமாட்டேன். வீட்டுல யாராவது வெச்சிருந்து தெனமும் ஒண்ணு குடுக்கணும். நீங்க கெஞ்சினாலும் மசியாத ஆளா இருக்கணும்" என்றார். ஜெனியா என்று கேட்டார். நான் கண்ணீர் விட்டால் போதும், ஜெனி கொடுத்துவிடுவாள். முனியம்மாவுக்கு அவள் பாடே பெரிய பாடு. என் மேல் துளி இரக்கம் இல்லாத ஆள் ஒருத்தர்தான் இருந்தார்.

ஜெனியைக் கூட்டிக்கொண்டு ரோஸி அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னியுங்கள் என்றேன். காலில் விழுந்தேன், ஒரு கால்தான் இருந்தது. அவர் அழவில்லை.

"எந்திரிடி. மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம். எனக்கு விசுவாசம் இல்ல, இல்லன்னு எட்டு மாசம் அழுதேன் நானு. அதுக்கு இன்னா சொல்லப் போற?"

மாத்திரை டப்பாவை நீட்டி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"என் கால வாங்கிட்ட. இப்ப உன் உயிர என் கைல குடுக்குற."

"ஆமாங்க்கா."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவர் வாசலில் நின்றேன். ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். "முழுங்கு. நாக்கத் தூக்கு. ம், போ." அவ்வளவுதான் பேச்சு. சில நாள் நான் வாசலிலேயே உருண்டு, இன்னும் ஒன்று கொடுங்கள் என்று கத்தியிருக்கிறேன். கெட்ட வார்த்தை கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் கதவைச் சாத்திக்கொள்வார். இரக்கப்பட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் நான் செத்திருப்பேன்.

ஒரு மாதம் போன பிறகு, நான் மாத்திரையை விழுங்கியதும் அவர் தன் சுகர் மாத்திரையை எடுத்து என் முன்னாலேயே போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அன்று முதல் அவருடைய இடது காலை வெளிச்சத்தில் வைத்துப் புண் ஏதும் இருக்கிறதா என்று நான் பார்த்துவிட்டுப் போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் டப்பா காலியானது. கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். "அவ்ளோதான்டி. போய் வேலையப் பாரு."

இதைச் சபையில் சொல்கிறேன் என்றபோது பாஸ்டர் ஐயா தயங்கினார். சபைக்குப் பேர் கெட்டுவிடுமே என்றார். பொய்ச் சாட்சிக்கு மைக் கொடுத்தீர்கள் ஐயா, இதற்கும் கொடுங்கள் என்றேன். கொஞ்சம் முறைத்தார், பிறகு சபைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடு என்றார். அவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் முழுதாகச் சுகமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தப்பை ஒருமுறை செய்தாகிவிட்டது. ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் இன்றும் வாயில் எச்சில் ஊறுகிறது. மூளை மறக்காதாம், டாக்டர் சொன்னார். கையில் நடுக்கம் இருக்கிறது. ஆனால் போன வாரம் ஜெனி பரீட்சை முடித்துவிட்டு வந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. தானாக வந்தது. உள்ளூர் ஆள் ஒருத்தன் வேலைக்குத் திரும்பி வந்திருக்கிறான்.

முனியம்மா இன்னும் மாத்திரை போடுகிறாள். "எழுதிக்கோ, எனக்கு இன்னா பேரு போவப் போவுது" என்றாள், அதனால் எழுதச் சொல்கிறேன். அவள் என் முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கியவள். அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் பண்ணிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்களில் யாருடைய முந்தானையிலாவது, பையிலாவது, வேத உறையிலாவது ஓர் அட்டை இருந்தால், தூக்கி வீசிவிடாதீர்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பஸ்ஸில் சேர்ந்து ஜெபிப்போம். கர்த்தர் ஜெபத்தைக் கேட்கிறவர். நாம் கேட்காத வாயால் பதில் சொல்கிறவர்.

முதல் சாட்சியில் என் கால்வலி போய்விட்டது என்று சொன்னேன். இன்று காலை முப்பது நடை சுமந்தேன். குதிகால் வெடித்திருக்கிறது, உப்பு இறங்கியிருக்கிறது, முட்டி வீங்கியிருக்கிறது. என் கால் வலிக்கிறது, சபையாரே. எனக்கு வலிக்கிறது என்று தெரிகிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.